நாலு வாட் நாட்டாமைகள்

அமெரிக்க ஜனாதிபதியின் மனைவிக்கு என்ன குறை இருக்க முடியும்? வெள்ளை மாளிகையில் வாசம். போகிற இடமெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்ட காவல். போனை எடுத்தால் மறுமுனையில் யார் வேண்டுமோ அவர். அப்படிப்பட்ட பெட்டி ஃபோர்டு 1976-ல் முறைப்படி லைசென்ஸ் வாங்கி, ஒரு சி.பி. ரேடியோவின் மைக்கைப் பிடித்து, 'ஃபர்ஸ்ட் மாமா', அதாவது நாட்டின் முதல் அம்மா, என்று தனக்கொரு பட்டப்பெயரையும் சூட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத லாரி டிரைவர்களோடு பேச ஆரம்பித்தார். கணவர் ஜெரால்டு ஃபோர்டுக்கு அது தேர்தல் வருஷம். ஓட்டு எந்த அலைவரிசையில் மிதந்துவரும் என்று யார் கண்டது? மிதந்து வரத்தான் செய்தது. ஜெயிக்கிற அளவுக்கு வரவில்லை.

சி.பி. ரேடியோ என்றால் ரொம்பச் சிக்கலான சமாசாரம் இல்லை. 'சிட்டிசன்ஸ் பேண்ட்', குடிமக்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய அலைவரிசை. காரின் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, அதிலிருந்து சுருள் ஒயரில் தொங்கும் ஒரு மைக். பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஆகவே ஜனத்தொகையில் பெரும்பகுதி அமுக்கின பட்டனை விடவே இல்லை.

இந்த வம்பைத் தொடங்கிவைத்த புண்ணியவான் ஆல் கிராஸ். டொரன்டோவில் பிறந்து, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் ஈரி ஏரியில் நீராவிக் கப்பலில் போகும்போது ரேடியோ அறைக்குள் தலையை நீட்டினார். மனதளவில் அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. 1938-ல், இருபது வயதில், கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய ரேடியோவைச் செய்து முடித்துவிட்டார். யுத்தத்தில் உளவு இலாகா அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. யுத்தம் முடிந்ததும் பொதுஜனத்துக்கு ரேடியோ விற்க 'சிட்டிசன்ஸ் ரேடியோ கார்ப்பரேஷன்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அவருடைய பட்டறைக்கு வந்த கார்ட்டூனிஸ்ட் செஸ்டர் கூல்டு அங்கிருந்த குட்டிக் கருவிகளைப் பார்த்து அசந்துபோய், தன் துப்பறியும் ஹீரோ டிக் ட்ரேஸியின் மணிக்கட்டில் ஒரு ரேடியோவைக் கட்டிவிட்டார். காகிதத்தில் வரைந்த ஹீரோ உலகப் புகழ் பெற்றார். நிஜ ரேடியோக்காரரை அக்கம்பக்கத்தில்கூடப் பலருக்குத் தெரியாது.

மனிதர் சும்மா இருந்தாரா? 1949-ல் பேஜரையும் கண்டுபிடித்தார். டாக்டர்களைக் கூட்டிக் காட்டினார். டாக்டர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நோயாளிகள் பயந்துவிடுவார்களாம். அதைவிட முக்கியமாக, கோல்ஃப் ஆட்டம் கெட்டுவிடுமாம்! கையில் ரேடியோ, இடுப்பில் பேஜர் என்று உலகம் ஒருவழியாகக் கண்விழித்தபோது கிராஸின் பேட்டன்ட்கள் காலாவதியாகி இருந்தன. லேட்டாக வருகிறவனையாவது உலகம் திட்டிவிட்டு உள்ளே விடும். சீக்கிரம் வந்தவனுக்குக் கதவே திறப்பதில்லை.

இனி அரசாங்கத்தின் திருவிளையாடல். எஃப்.சி.சி. என்று அமெரிக்காவில் ஓர் ஆணையம். காற்றில் போகிற அலைகளுக்கெல்லாம் பட்டா போட்டுக் கொடுப்பது அதன் வேலை. கிராஸின் காலத்தில் குடிமக்களுக்குக் கொடுத்த அலைவரிசை உயரத்தில் இருந்தது, செட்டின் விலையும் உயரத்தில் இருந்தது, சாதாரண ஆளுக்கு இரண்டுமே எட்டவில்லை. ஆகவே 1958 செப்டம்பரில், பரீட்சை எழுதி, மோர்ஸ் படித்து, ஆசாரமாக ரேடியோ நடத்திக்கொண்டிருந்த ஹாம்காரர்களிடமிருந்து, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களிடமிருந்து, 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு துண்டைப் பிடுங்கி, 23 சேனலாகக் கூறுபோட்டு, பரீட்சை எழுதாத பொதுஜனத்திடம் கொடுத்தார்கள். நோக்கம் ரொம்ப எளிமையானது: பக்கத்துத் தெரு, பக்கத்து ஊர், அவ்வளவு தூரம் பேசிக்கொள்ள ஒரு வசதி.

இந்த எளிமையான நோக்கத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் இருக்கிறதே! சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் தெறித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் விழும். 1958-லோ, மனிதன் கணக்கு வைத்துக்கொண்ட காலத்திலேயே மிக உக்கிரமான கரும்புள்ளிச் சுழற்சி அப்போதுதான் உச்சத்தைத் தொட்டிருந்தது. பக்கத்துத் தெருவோடு பேச வழி கேட்டவர்களுக்கு, கண்டம் தாண்டும் வழியைத் திறந்துவிட்டு, '250 கிலோமீட்டருக்கு மேல் பேசினால் குற்றம்' என்று ஒரு விதியையும் எழுதிவைத்தார்கள். சூரியன் செய்கிற தப்புக்கு அபராதம் டிரைவருக்கு.

விதிகள் அதோடு நிற்கவில்லை. செட்டின் சக்தி 4 வாட்டைத் தாண்டக்கூடாது. அந்தக் காலத்தில் நம்ம வீட்டுப் பூஜையறையில் 'ஜீரோ வாட்' என்ற பெயரில் எரிந்த பல்புகூட இதைவிட அதிகக் கரண்ட் குடித்தது. ஒரே ஆளிடம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசக்கூடாது. பேசி முடித்ததும் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். அரசாங்கம் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லித்தான் பேசவேண்டும். எல்லாவற்றுக்கும் சிகரம், பொழுதுபோக்குக்காகப் பேசவே கூடாது! அதாவது மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு அரட்டை அடிக்காதே என்றார்கள். எஃப்.சி.சி.யில் அத்தனை வக்கீல்களும் இன்ஜினீயர்களும் இருந்தார்கள். மனிதர்களோடு பழகிய ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது.

பதினைந்து வருஷம் இது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. டீசல் தட்டுப்பாடு, விலையேற்றம். போதாக்குறைக்கு 1974 ஜனவரி 2-ம் தேதி ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்துப் போட, நாடு முழுக்க வேக வரம்பு மணிக்கு 55 மைல் ஆனது. மைல் கணக்கில் கூலி வாங்கும் லாரி டிரைவருக்கு இது சம்பளத்தைப் பிடுங்கிய மாதிரி. அதற்கு முன்பே, 1973 டிசம்பரில், பென்சில்வேனியாவில் எண்பதாம் நம்பர் நெடுஞ்சாலையில், 'ரிவர் ராட்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஜே.டபிள்யூ. எட்வர்ட்ஸ் டீசல் போதாமல் லாரியை நிறுத்திவிட்டு, சி.பி.யில் புலம்பினார். கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு லாரியை நிறுத்தினார்கள். நெடுஞ்சாலை அடைந்தது. டெலிவிஷனில் ஊரே பார்த்தது. பார்த்த அமெரிக்கன் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றி யோசித்தான் என்றா நினைக்கிறீர்கள்? 'அந்தப் பெட்டி எந்தக் கடையில் கிடைக்கும்?' என்று யோசித்தான்.

அடுத்து வந்தது பாட்டு. 1976 ஜனவரியில் அமெரிக்காவின் நம்பர் ஒன் பாட்டு 'கான்வாய்'. பாடியவர் சி.டபிள்யூ. மெக்கால். லாரிப் படை ஒன்று போலீஸையும் சுங்கச்சாவடியையும் துச்சமாக மதித்து நாட்டைக் குறுக்கே கடக்கிறது. தலைவன் பெயர் 'ரப்பர் டக்'. கரகரத்த குரல், கலகக்கார வீறாப்பு. நாடே புல்லரித்தது. இந்த மெக்கால் யார், எத்தனை லட்சம் மைல் லாரி ஓட்டியவர் என்கிறீர்களா? அவர் பெயர் மெக்காலே இல்லை, பில் ஃப்ரைஸ். ஒமாஹாவில் விளம்பரக் கம்பெனி உத்தியோகம். ரொட்டி விற்பதற்காக டி.வி. விளம்பரத்தில் ஒரு கற்பனை லாரி டிரைவரைப் படைத்தார். ரொட்டி நன்றாக விற்றது, டிரைவருக்குப் பெயர் வந்தது, படைத்தவரே அந்தப் பெயரில் பாட ஆரம்பித்துவிட்டார். இசையமைத்த சிப் டேவிஸ் பிற்காலத்தில் பெயரெடுத்தது கிறிஸ்துமஸ் பாட்டுகளில். கலகக்காரரான ஃப்ரைஸோ கொலராடோவில் யூரே என்ற சிற்றூருக்கு மேயரானார். சட்டம் ஒழுங்கைக் காப்பாற்றும் பதவி!

இந்தப் பாட்டைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தது லாரி டிரைவருக்கு மட்டுமா? இல்லை. நெஞ்சு நிமிர்ந்து கடைக்கு ஓடினவர்களில் பெரும்பாலோர் நகரத்து மாதச் சம்பளக்காரர்கள்.

காட்சியை மனசில் ஓட்டிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ், காலை எட்டரை மணி, ஃப்ரீவே. முன்னால் ஆயிரம் கார், பின்னால் ஆயிரம் கார், நடுவில் ஒரு இன்ஷூரன்ஸ் குமாஸ்தா. டை கட்டியிருக்கிறார். பக்கத்து சீட்டில் மனைவி கட்டிக்கொடுத்த சாண்ட்விச். காரின் வேகம், பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவே. திடீரென்று குரலைத் தாழ்த்தி, பிறந்ததிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காத டெக்சாஸ் வட்டார உச்சரிப்பில், 'பிரேக்கர் ஒன் நைன்!' என்று கர்ஜிக்கிறார். பத்தொன்பதாம் சேனலில் குறுக்கே புகுந்து பேச அனுமதி கேட்கிறாராம். 'நான் மிட்நைட் பாந்தர் பேசுகிறேன், போலீஸ் கரடி எங்காவது தென்படுகிறதா?' கரடி தென்பட்டால்தான் என்ன, சார்? 55 மைல் வரம்பை மீறிவிடுவீர்களா? உங்களை முந்திக்கொண்டு நடைபாதையில் ஒரு கிழவி போய்க்கொண்டிருக்கிறாள்.

நெடுஞ்சாலையில் இந்தப் பெட்டி தொழில் கருவி. எதிரே வருகிற லாரிக்காரர் பத்து மைலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்வார்: போலீஸ் ரேடார், விபத்து, டீசல் கிடைக்கிற இடம். எல்லாம் காசு. நகரத்தில் எதிரே வருகிறவர், பின்னால் வருகிறவர், பக்கத்தில் நிற்கிறவர் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே ஒரு செய்திதான், டிராஃபிக் ஜாம். அதை ஜாமில் நிற்கிற இன்னொருவருக்கு அறிவிப்பதில் அவர்களுக்கு இருந்த உற்சாகத்தைப் பார்க்கவேண்டும். அபூர்வமாக ஒரு புத்திசாலி, 'அடுத்த எக்ஸிட்டில் இறங்கினால் தெரு காலி' என்று ஒலிபரப்புவார். கேட்ட அத்தனை பேரும் அதே எக்ஸிட்டில் இறங்குவார்கள். கூகுள் மேப்ஸ் இன்றைக்குச் செயற்கைக்கோள் வைத்துச் செய்கிற காரியத்தை, அதாவது ஒரு ஜாமை இன்னொரு தெருவுக்கு மாற்றுவதை, அவர்கள் வெறும் வாயாலேயே செய்துவிட்டார்கள்.

மிட்நைட் பாந்தர் என்றேனே, நான் வைத்த பெயர் அது. ஆனால் மனிதர்கள் சூட்டிக்கொண்டதெல்லாம் இந்த ரகம்தான். 'ஹேண்டில்' என்பார்கள். ஆபீஸில் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்கிறவர், காரில் ஏறியதும் சிறுத்தை, கழுகு, புயல். அரசாங்கம் கொடுத்த எழுத்தும் எண்ணுமான அழைப்புக்குறியை ஒருவரும் சீந்தவில்லை. சீந்தினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களே! முகம் தெரியாது, பெயர் தெரியாது, யாரை வேண்டுமானாலும் திட்டலாம், எதற்கு வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லலாம். டிவிட்டருக்கு முப்பது வருஷம் முன்னாலேயே முட்டை முகம் வைத்த அநாமதேய ஐடிக்களை அமெரிக்கா நான்கு சக்கரத்தில் ஓடவிட்டுவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸில் மட்டும் ஒரு விசேஷம். சேனலைத் திருப்பினால் சில சமயம் 'பக்ஸ்' என்று ஒருவர் வருவார். பேசுவது அச்சு அசலாக பக்ஸ் பன்னியின் குரல். இன்னொரு நாள் 'டாஃபி' என்று வருவார், அச்சு அசலாக டாஃபி டக். யாரோ மிமிக்ரி ஆசாமி என்று சிரித்துவிட்டு நகர்ந்தவர்கள் பாவம். பேசியவர் மெல் பிளாங்க், அந்த முயலுக்கும் வாத்துக்கும் சினிமாவில் குரல் கொடுத்த அதே ஆள். எல்லோரும் வேறு யாரோ மாதிரி பேசிக்கொண்டிருந்த ஒரு அலைவரிசையில், முயலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்தான் சுத்தமான ஒரிஜினல்!

பாஷையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சி.பி.காரர்களின் ஆவி மன்னிக்காது. நெடுஞ்சாலை போலீஸின் தொப்பி, காட்டுத்தீ விளம்பரத்தில் வரும் ஸ்மோக்கி கரடியின் தொப்பி மாதிரி இருந்ததால் போலீஸ் என்றால் கரடி. ஹெலிகாப்டரில் வந்தால் வானத்துக் கரடி. நகரத்து போலீஸுக்குக் கரடி அந்தஸ்துகூடக் கிடையாது, 'சிட்டி கிட்டி', வெறும் பூனைக்குட்டி. நிலநடுக்கம் வருகிற லாஸ் ஏஞ்சலஸ் 'ஷேக்கி டவுன்'. பேசிக்கொண்டே இருந்து எதையும் கேட்காதவன் முதலை, அதற்கு வாய்தானே பெரிசு, காது எங்கே தெரிகிறது? போலீஸுக்குப் புரியக்கூடாது என்று இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய ரகசிய பாஷை, அகராதியாக அச்சடிக்கப்பட்டுக் கடைகளில் விற்றது. போலீஸ்காரர்களும் வாங்கினார்கள். கூடவே ஒரு சி.பி. செட்டும் வாங்கி காரில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த பாஷையின் மகுடம் 'டென்-ஃபோர்'. சரி, புரிந்தது என்று அர்த்தம். இதை ஒருதரம் கம்பீரமாகச் சொல்வதற்காகவே செட் வாங்கினவர்கள் உண்டு. இதன் பூர்வீகத்தைக் கேளுங்கள். 1930-களின் கடைசியில் இல்லினாய் போலீஸில் சார்லஸ் ஹாப்பர் என்று ரேடியோ அதிகாரி. அந்தக் காலத்து செட்டில் பட்டனை அமுக்கினால் உள்ளே மோட்டார் சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும், அதற்குள் பேசின முதல் அசை காற்றோடு போய்விடும். போகிறதுதான் போகிறது, உபயோகமில்லாத ஒரு சொல் போகட்டும் என்று எல்லாக் குறியீட்டுக்கும் முன்னால் ஒரு 'டென்' சேர்த்தார் ஹாப்பர். யாரும் கேட்கவேண்டாம் என்பதற்காகவே வைத்த சொல் அது. 1976-ன் டிரான்ஸிஸ்டர் செட்டில் மோட்டாரும் இல்லை, தாமதமும் இல்லை. ஆனால் கோடி அமெரிக்கர்கள் அந்த 'டென்'னைத்தான் அழுத்தந்திருத்தமாக உச்சரித்தார்கள்.

சரி, நகரத்தில் இவர்கள் பேசினது யாருக்காவது கேட்டதா? அதுதான் வேடிக்கை. 27 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியான ஆன்டெனா ஒன்பது அடி நீளம். ஒன்பது அடிக் கம்பியை நட்டுக்கொண்டு மல்டி லெவல் பார்க்கிங்கில் நுழைந்து பாருங்கள். ஆகவே நகரத்துக்காரர்கள் சுருள் சுற்றிய குட்டைக் கம்பியோடு திருப்திப்பட்டார்கள். கம்பி குட்டையானால் எட்டும் தூரமும் குட்டை. இரண்டு பக்கமும் வானளாவிய கட்டிடங்கள், நாலு வாட் அலை அவற்றில் முட்டி மோதித் திரும்பும். இதையெல்லாம் தாண்டி ஒரு குரல் வந்தால், அதே சேனலில் அதே விநாடி இன்னொருவர் பட்டனை அமுக்கியிருப்பார். ஏ.எம். முறையில் இரண்டு அலைகள் மோதினால் இரண்டு பேர் பேச்சும் கேட்காது. காதைத் துளைக்கிற ஒரு விசில் மட்டும் கேட்கும். 23 சேனல், ஊரில் லட்சக்கணக்கான செட். நகரத்துக்கு மேலே மிச்சமிருந்தது பெரும்பாலும் அந்த விசில்தான்.

ஆகவே அடிக்கடி காதில் விழுந்த வாசகம் ஒன்றுண்டு: 'ரேடியோ செக்'. என் குரல் கேட்கிறதா? யாராவது 'கேட்கிறது' என்பார். 'எந்தத் தெருவிலிருந்து?' சொல்வார். 'ரொம்ப நன்றி, நண்பா.' முடிந்தது உரையாடல்! அடுத்த தெரு போனதும் மறுபடி 'ரேடியோ செக்'. நூறு, இருநூறு டாலர் கொட்டி வாங்கின கருவியை, அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு மட்டும் உபயோகித்தவர்கள் ஏராளம். சிரிக்காதீர்கள். லாக்டவுனில் பத்துப் பேர் ஜூம் மீட்டிங்கில் உட்கார்ந்து முதல் கால் மணி நேரம் என்ன பேசிக்கொண்டோம்?

குரல் எட்டவில்லை என்றால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ன செய்வான்? மெதுவாகப் பேசி, தன் முறை வரும்வரை காத்திருப்பான். இவர்கள் லீனியர் ஆம்ப்ளிஃபையர் வாங்கினார்கள். நாலு வாட்டை நூறாக, பல நூறாக ஊதிப் பெருக்கும் திருட்டுப் பெட்டி. பக்கத்துக் காரில் அதைவிடப் பெரிய பெட்டி, அவனுக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிசு. விசிலின் சத்தம்தான் கூடியது. 27-ஐ இரண்டால் பெருக்கினால் 54, அமெரிக்க டெலிவிஷனின் இரண்டாம் சேனல் ஆரம்பிக்கிற இடம். மட்டமான செட், திருட்டு ஆம்ப்ளிஃபையர் இரண்டும் சேர்ந்தால் அந்த இரட்டிப்பு அலையும் கூடவே கிளம்பும். தெருமுனையில் சிறுத்தை கர்ஜித்தால் மாடி வீட்டு டி.வி.யில் கதாநாயகி முகம் கோணிக்கொள்ளும். டெலிபோனில் புகும், ஸ்டீரியோவில் புகும், எலெக்ட்ரானிக் ஆர்கனில்கூடப் புகும். எஃப்.சி.சி.க்கு மலைபோல் புகார் குவிந்தது. 1978-ல் அந்த ஆம்ப்ளிஃபையர்களைத் தயாரிக்கவே தடை போட்டார்கள். யார் தலையில் போய் விடிந்தது தெரியுமா? ஒழுங்காக லைசென்ஸ் வாங்கி அதே மாதிரிக் கருவியை நியாயமாக உபயோகித்துவந்த ஹாம்காரர்கள் தலையில். 1958-ல் நிலத்தைப் பறிகொடுத்த அதே ஆசாரசீலர்கள்.

திருடர்களையும் மறக்கக்கூடாது. நகரத்தில் கார்க் கூரைமேல் ஆன்டெனா ஆடினால், உள்ளே செட் இருக்கிறது, கண்ணாடியை உடைக்கவும் என்று எழுதி ஒட்டின மாதிரி. திருட்டு பெருகப் பெருக, செட்டை உருவி எடுத்துப் போக நகரும் தட்டு விற்றார்கள், சாதாரண ரேடியோ ஆன்டெனா போலவே தோன்றும் மாறுவேட ஆன்டெனாவும் விற்றார்கள். புயல், கழுகு, சிறுத்தை எல்லாம் சாயங்காலம் காரைப் பூட்டிவிட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறின.

நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் காரில் போன் என்பது கோடீஸ்வர விவகாரம். நியூயார்க் மாதிரி மகாநகரத்தில் 1976-ல் கார் போன் வைத்திருந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர், காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். நடுராத்திரி டயர் வெடித்து நிற்கிற சாமானியனுக்கு சி.பி.யை விட்டால் கதியில்லை. ஒன்பதாம் சேனலை அவசர உதவிக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். 1962-ல் ஹென்றி க்ரீயர் தொடங்கிய 'ரியாக்ட்' அமைப்பின் தொண்டர்கள் வீட்டில் உட்கார்ந்து, அந்தச் சேனலுக்குக் காது கொடுத்து, போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் சொன்னார்கள். மொத்த சி.பி. சரித்திரத்திலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கூட்டம் அதுதான். அவர்களைப் பற்றி யாரும் ஹிட் பாட்டு எழுதவில்லை.

படம் மட்டும் எடுத்தார்கள். 1977-ல் ஜொனாதன் டெம்மியின் 'சிட்டிசன்ஸ் பேண்ட்'. ஒன்பதாம் சேனலைக் காக்கிற ஒரு இளைஞன், பட்டப்பெயருக்குப் பின்னால் மணிக்கணக்கில் பேசிவிட்டு நேரில் முகம் பார்த்துப் பேசத் தெரியாத ஊர்க்காரர்கள். அருமையான படம். தியேட்டரில் ஈ ஓட்டியது. பெயரை மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள், ஈக்களும் போய்விட்டன. அதே வருஷம் வந்தது 'ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்'. அட்லாண்டாவிலிருந்து டெக்சாஸ் பக்கம் போய், 400 பெட்டி பீரை 28 மணி நேரத்துக்குள் அட்லாண்டாவுக்குக் கடத்திக்கொண்டு வரவேண்டும், பர்ட் ரெனால்ட்ஸ் சிரிக்கவேண்டும், போலீஸ் கார்கள் பறந்து விழவேண்டும். அவ்வளவுதான் கதை. 'ஸ்டார் வார்ஸ்' ஒன்றைத் தவிர அந்த வருஷப் படங்கள் எல்லாவற்றையும் அமெரிக்க வசூலில் முந்தியது. சி.பி.காரனுக்குக் கண்ணாடியைக் காட்டினால் தியேட்டர் பக்கம் வரமாட்டான், மீசை வைத்த ரெனால்ட்ஸைக் காட்டினால் குடும்பத்தோடு வருவான்.

ஆணையத்தின் நிலைமையோ பரிதாபம். 1975-ல் லைசென்ஸ் கட்டணத்தை 20 டாலரிலிருந்து 4 டாலராகக் குறைத்தார்கள், மனுக்கள் குவிந்தன. 1977 புத்தாண்டு முதல் இலவசம் என்றார்கள். அந்த ஒரே ஜனவரியில் ஏறக்குறைய பத்து லட்சம் மனுக்கள்! இத்தனைக்கும் லைசென்ஸ் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தவர்கள் தனி. அழைப்புக்குறி வேண்டும் என்று வரிசையில் நின்று வாங்கி, பத்திரமாக டிராயரில் வைத்துவிட்டு, 'நான் புயல் பேசுகிறேன்' என்று ஆரம்பித்தார்கள்.

கூட்ட நெரிசலைத் தீர்க்க, 1977 முதல் 23 சேனலுக்குப் பதில் 40 சேனல் என்று ஆறு மாதம் முன்னாலேயே அறிவித்தது ஆணையம். நல்ல எண்ணம்தான். விளைவு? அடுத்த மாடல் வரட்டும் என்று ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். 23 சேனல் செட்டுகள் கோடவுன்களில் மலையாகத் தேங்கின. விலை சரிந்து, அடிமாட்டு ரேட்டுக்கு வந்தது. நெப்ராஸ்காவின் பெரிய தயாரிப்பாளர் ஹை-கெய்ன் திவாலானது. அந்த நேரம் பார்த்து சூரியனும் வந்து சேர்ந்துகொண்டது. 1979 வாக்கில் மறுபடி கரும்புள்ளி உச்சம். சிகாகோ சிக்னலில் நிற்கிறவர் பக்கத்துத் தெரு நிலவரம் கேட்டால், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து யாரோ முகமறியாத சிறுத்தை ரேடியோ செக் கேட்டது. சலித்துப்போய் ஒவ்வொருவராக செட்டைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். 1983-ல் ஆணையமும் தோல்வியை ஒப்புக்கொண்டு, லைசென்ஸே வேண்டாம், எப்படியாவது போங்கள் என்று கும்பிடு போட்டது.

அமெரிக்கா பரணில் போட்டதை இங்கிலாந்து ஆசையாக எடுத்துக்கொண்டது. அங்கே 1981 நவம்பர் 2 வரை சி.பி. சட்டவிரோதம். அதற்கு முன்னாலேயே திருட்டுத்தனமாக இறக்குமதி செய்த செட்டுகளை வைத்துக்கொண்டு, லண்டன் மழையில், டெக்சாஸ் தொனியில், 'டென்-ஃபோர்' சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் போலீஸின் கூம்புத் தொப்பிக்கும் கரடிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது, ஆனாலும் 'ஸ்மோக்கி' என்றே அழைத்தார்கள். அனுமதி கேட்டு ஊர்வலம் போனார்கள். அரசாங்கம் ஒருநாள் மனமிரங்கி, பத்து பவுண்டு லைசென்ஸில் தாராளமாகப் பேசுங்கள் என்றது. கொஞ்ச காலம் ஆடித் தீர்த்தார்கள், அப்புறம் அங்கேயும் பரண்.

நம் நாடு எப்போதும் நிதானம். இந்தியாவில் இந்த 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 வாட் வரை லைசென்ஸ் இல்லாமல் பேசலாம் என்று விதி வந்தது 2005-ல். அதற்குள் நம் ஆட்டோக்காரர் கையில் மொபைல் போன் வந்து, ரிங்டோன் மாற்றி, அதுவும் அலுத்துப்போயிருந்தது.

அமெரிக்க ஆணையம் மட்டும் தன் பழைய காதலை இன்னும் மறக்கவில்லை. 2017-ல், அந்த 250 கிலோமீட்டர் விதியை ரத்து செய்தது. பல பத்தாண்டுகளாக ஒருவரும் மதிக்காத விதி, சூரியன் உட்பட. 2021-ல் இன்னும் ஒரு படி மேலே போய், சி.பி.யில் இனி எஃப்.எம். முறையிலும் பேசலாம் என்று அனுமதி கொடுத்தது. இரண்டு பேர் மோதினாலும் பழைய விசில் வராது, பலமான குரல் தெளிவாகக் கேட்கும். கேட்கத்தான் செய்யும். நகரத்தில் இப்போது மோதுவதற்கு இரண்டாவது ஆள் கிடைத்தால் அல்லவா!